எதிர்க்கரை

கிரேக்கத்தில் அச்சாகும் பல தேசப்படங்களில் ஓரமாக ஒரு சின்னக் கட்டம் இருக்கும். கட்டத்துக்குள் ஒரு தீவு. தாளின் அகலத்துக்குள் அடங்காமல் கிழக்கே வெகுதூரம் தள்ளிக் கிடப்பதால் அதைத் தனியே வெட்டி எடுத்து, படத்தில் காலியாக இருக்கும் கடலின் மேல் ஒட்டிவிடுவார்கள். தீவின் பெயர் காஸ்டெலோரிஸோ. அரசாங்கக் காகிதங்களில் மெகிஸ்தி. துருக்கியர்களுக்கு மெய்ஸ். பரப்பு ஒன்பது சதுர கிலோமீட்டருக்குச் சற்று முன்பின். ஏதென்ஸிலிருந்து ஏறக்குறைய 570 கி.மீ., பக்கத்துப் பெரிய தீவான ரோட்ஸிலிருந்தே 125 கி.மீ. துருக்கிக் கரையிலிருந்து இரண்டே கி.மீ.

கட்டம் போடுவது அச்சுக்கூடத்தின் வசதி. அதில் சூழ்ச்சி எதையும் தேட வேண்டியதில்லை. ஆனாலும் கத்தரிக்கோல் எதை விட்டுவிடுகிறது என்று பார்க்கலாம். தீவு கிரேக்கத்தோடு வந்து சேர்ந்துவிடுகிறது. அதற்கு வடக்கே சுவர்போல் எழுந்து நிற்கும் அனத்தோலிய மலைகள் வெளியே போய்விடுகின்றன. இந்தத் தீவின் துறையில் நிற்கும் எவருடைய கண்ணிலும் முதலில் படுவது எதுவோ, அது படத்தில் கிடையாது.

காஸ்டெலோரிஸோவைப் பற்றி வாசிக்க வாசிக்க எனக்குள் உறுதிப்பட்ட எண்ணம் ஒன்று உண்டு. இந்தத் தீவுக்கு ஒரு தேசம் கிடைத்த கதையும், அதன் எதிர்க்கரை பறிபோன கதையும் இரண்டு கதைகள் இல்லை. கிரேக்கத் தேசியவாதம் முதலாவதைக் கொண்டாடும். துருக்கித் தேசியவாதம் அதையே தன் இழப்பாகச் சொல்லும். உண்மையில் கரையை இழந்தவர்கள் தீவுக்காரர்கள்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே சுமார் 9,000 பேர் வாழ்ந்தார்கள். இன்று 500 பேர் அளவில். முழுக்கச் சுண்ணாம்புப் பாறை, ஆறு கிடையாது, மழைநீரைத் தொட்டிகளில் பிடித்துவைத்துத்தான் குடித்தார்கள். ஊருக்கே சோறு போடும் அளவு வயலுக்கு இடமில்லை. ஆடு மேயும், அத்திமரம் நிற்கும், அவ்வளவுதான். அப்படிப்பட்ட பாறையில் 9,000 பேர் எதைத் தின்று வாழ்ந்தார்கள்?

எதிர்க்கரையைத்தான். தீவுக் குடும்பங்களுக்கு அக்கரையில் வயல் இருந்தது, மேய்ச்சல் இருந்தது, கடை இருந்தது. இன்று சுற்றுலா ஊராகிவிட்ட காஷ் அப்போது அந்திஃப்லி என்ற சிறு துறை. அங்கும், இன்னும் மேற்கே கல்கானிலும், குடியேறி இருந்தவர்களில் பலர் தீவுக்காரர்களே. டாரஸ் மலைக்காடுகளின் மரமும் அடுப்புக்கரியும் இறங்கிவந்து காஸ்டெலோரிஸோக் கப்பல்களில் ஏறி அலெக்ஸாண்ட்ரியா போயின. எகிப்துக்கு விறகு கிடையாது. அனத்தோலியாவுக்குக் கப்பல் கிடையாது. இரண்டுக்கும் நடுவில் பாதுகாப்பான துறை ஒன்று இருந்தது. தீவின் செல்வம் முழுவதும் இந்த மூன்று வரிக் கணக்கில் அடங்கிவிடுகிறது. துறையைச் சுற்றி நிற்கும் உயரமான மாடிவீடுகளும், மரப் பால்கனிகளும், ஓட்டுக்கூரைகளும் இந்தக் கரிக்காசில் எழுந்தவை.

கல்லிலும் அது பதிந்திருக்கிறது. ஊரின் பெரிய ஆலயமான புனித கான்ஸ்டன்டீன்–ஹெலன் தேவாலயத்தைத் தாங்கும் கருங்கல் தூண்கள் எதிர்க்கரைப் பதாராவின் அப்பல்லோ கோயிலிலிருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்டவை. கோட்டைக்குக் கீழே பாறையைக் குடைந்து செய்த லீசியக் கல்லறை ஒன்று உண்டு; அந்த வகைக் கல்லறை அக்கரை மலைகளில் ஊருக்கு ஊர் கிடைக்கும், கிரேக்க மண்ணில் இது ஒன்றுதான். துறையின் வாயிலில் நிற்கும் பதினெட்டாம் நூற்றாண்டு மசூதி இன்று அருங்காட்சியகம். கல்கானில் கிரேக்கர்கள் கட்டிய தேவாலயம் இன்று மசூதி. இந்த இரண்டையும் ஒரு வாக்கியத்தில் வைத்தால் ஏதோ சமன்பாடு தீர்ந்ததுபோல் தெரியும். தீரவில்லை. அங்கே தொழுதவர்களும் இங்கே தொழுதவர்களும் வேறுவேறு ஆண்டுகளில், வேறுவேறு காரணங்களுக்காகக் கிளம்பிப் போனவர்கள்.

1821இல் வெடித்த கிரேக்க விடுதலைப் போரில் தீவின் கப்பல்களும் கலந்துகொண்டன. ஆனால் போர் முடிந்து எல்லை வகுத்தபோது காஸ்டெலோரிஸோ சுல்தானிடமே திரும்பிப் போனது. தேசிய வரலாறு இதைத் தோல்வி என்றுதான் எழுதும். ஆனால் தீவு பார்த்த பொற்காலம் அதற்குப் பிறகு வந்தது. மேலே சொன்ன தேவாலயம் எழுந்தது 1835இல், உதுமானிய ஆட்சியில். கரையும் தீவும் ஒரே ஆட்சியின் கீழ் இருந்ததால் நடுவில் சுங்கமில்லை, கடவுச்சீட்டு இல்லை. சுல்தானுக்குக் கப்பம் கட்டிவிட்டுத் தங்கள் காரியத்தைத் தாங்களே பார்த்துக்கொள்ளும் பழைய சலுகையும் இருந்தது. பேரரசுகளைப் பற்றி ஏக்கத்தோடு பேசுபவன் இல்லை நான். அவை ஏமாற்றியவர்களின் பட்டியல் நீளம். இந்த ஒரு பாறையின் விஷயத்தில் மட்டும் கணக்கு அப்படித்தான் வருகிறது.

1908க்குப் பிறகு இளந்துருக்கியர்கள் பேரரசைத் தேசமாக மாற்றப் புறப்பட்டார்கள். கட்டாய ராணுவச் சேவை வந்தது, பழைய சலுகைகள் போயின. நீராவிக் கப்பல் ஏற்கெனவே பாய்மரத்தின் வயிற்றில் அடித்திருந்தது. 1912இல் இத்தாலி ரோட்ஸையும் அதைச் சுற்றியுள்ள டோடெகானீஸ் தீவுகளையும் பிடித்தது. காஸ்டெலோரிஸோவை மட்டும் தொடவில்லை. அடுத்து நடந்த சில ஆண்டுகளை நிதானமாகப் பார்க்க வேண்டும். இரண்டு நாட்டுப் பாடப்புத்தகங்களும் விரும்பாத பகுதி அதுதான்.

தீவுக்காரர்கள் முதலில் போய் நின்றது ஏதென்ஸின் வாசலில் இல்லை. ரோட்ஸில் இருந்த இத்தாலியப் படைத்தலைவர் அமெலியோவிடம் போய், எங்களையும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டார்கள். அவர் மறுத்துவிட்டார். 1913 மார்ச் 14 அன்று அவர்களே துருக்கிய அதிகாரியையும் சிறு காவல்படையையும் பிடித்து அடைத்துவிட்டுத் தற்காலிக அரசு ஒன்றை அறிவித்தார்கள். அந்த ஆகஸ்டில் சாமோஸ் தீவிலிருந்து கிரேக்க ஆளுநர் ஒருவர் காவலர்களோடு வந்திறங்கினார். தாய்நாடு வந்துவிட்டது என்று கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. 1915 அக்டோபரில் ஊர்மக்கள் அவரையும் விரட்டிவிட்டார்கள். டிசம்பர் 28 அன்று பிரெஞ்சுப் போர்க்கப்பலிலிருந்து படையினர் இறங்கினார்கள். அவர்களை வரவழைத்ததில் ஊரின் பிரெஞ்சு ஆதரவுக் கோஷ்டிக்குப் பங்கிருந்தது.

ஆக, நான்கு ஆண்டுகளுக்குள் ஓர் அதிகாரத்தைக் கெஞ்சி, ஒன்றைச் சிறைபிடித்து, ஒன்றை வரவேற்றுப் பின் துரத்தி, இன்னொன்றை அழைத்திருக்கிறார்கள். இவர்களைக் கொள்கையற்றவர்கள் என்று சொல்லலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர்கள் பேச்சு கிரேக்கம், வழிபாடு கிரேக்க மரபு, பிள்ளைகள் படித்தது கிரேக்கப் பள்ளி. தாங்கள் யார் என்பதில் அவர்களுக்குக் குழப்பம் இருந்ததற்கான அறிகுறி இல்லை. ஆனால் யார் கொடியின் கீழ் இருந்தால் கப்பல் ஓடும், அக்கரை வயலில் அறுவடை செய்ய முடியும், கடலில் காவல் கிடைக்கும் என்பது தனிக்கேள்வி. நாம் இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளப் பழகிவிட்டோம். ‘கிரேக்கன்’ என்றால் ‘கிரேக்க அரசின் குடிமகன்’ என்று தானாகவே முடிவுகட்டுகிறோம். 1913இல் ஒரு காஸ்டெலோரிஸோக் கப்பல்காரருக்கு இரண்டுக்கும் இடையே பேரம் பேச இடமிருந்தது. அந்த இடம் அவர் கண்ணெதிரே மூடியது.

பிரெஞ்சுக்காரர்களுக்குத் தேவைப்பட்டது ஊர் இல்லை, துறை. எதிரிக்கரை வீட்டு வாசல் தூரத்தில் இருந்ததை அவர்கள் போதிய அளவு யோசித்ததாகத் தெரியவில்லை. மலைமேல் துருக்கியர்கள் பீரங்கிகளை ஏற்றினார்கள். 1917 ஜனவரியில் துறைக்குள் நங்கூரமிட்டிருந்த பிரிட்டிஷ் கப்பலான ‘பென்–மை–க்ரீ’, கடல்விமானங்களைச் சுமந்துசெல்லும் கப்பல், கரையிலிருந்து வந்த குண்டுகளில் தீப்பிடித்து மூழ்கியது. எந்தத் தூரம் தீவை வாழவைத்ததோ, அதே தூரம் இப்போது பீரங்கியின் வீச்சு. கரிப்படகு வந்த வழியிலேயே குண்டும் வந்தது. வீடுகள் இடிந்தன. மக்கள் கிளம்பத் தொடங்கினார்கள்.

முதலாம் உலகப்போருக்குப் பிறகு நடந்த ஒப்பந்தப் பேச்சுகளில் தீவு கைமாறிக்கொண்டே இருந்தது. 1921இல் பிரெஞ்சுக்காரர்கள் இத்தாலியரிடம் ஒப்படைத்தார்கள். சில வருடங்களுக்கு முன்னால் கேட்டபோது வேண்டாம் என்ற அதே இத்தாலி. 1923இன் லோசான் ஒப்பந்தத்தில் துருக்கி தன் உரிமையை முறையாகக் கைவிட்டது. அதே ஆண்டு கிரேக்கமும் துருக்கியும் ஒத்துக்கொண்ட மக்கள் பரிமாற்றத்தில் அனத்தோலியாவின் கிரேக்கக் கிறிஸ்தவர்கள் வேரோடு பெயர்க்கப்பட்டார்கள். தீவு இத்தாலியரிடம் இருந்ததால் தீவில் இருந்தவர்களை அது தொடவில்லை. ஆனால் அந்திஃப்லியும் கல்கானும் காலியாயின. வயல், கடை, கிட்டங்கி, கூட்டாளி, கடன்காரர், சம்பந்தி என்று அக்கரையில் இருந்த அத்தனையும் ஒரு வெளிநாட்டின் பக்கம் போய் நின்றன. தீவுக்கு முதல்முறையாக அதன் உண்மையான பரப்பளவு தெரிந்தது: ஒன்பது சதுர கிலோமீட்டர்.

எஞ்சியிருந்தது கடலில் சிதறிக்கிடந்த குட்டித்தீவுகள் யாருக்கு என்ற கேள்வி. 1932 ஜனவரியில் அன்காராவில் இத்தாலியும் துருக்கியும் ஓர் உடன்பாடு செய்துகொண்டன. ஒவ்வொரு பாறைக்கும் பெயர் சொல்லிப் பங்கு பிரித்தார்கள். அதில் ஓர் ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது. ஊர்த் தேவாலயத்தின் குவிமாடத்தை மையமாக வைத்து, அங்கிருந்து சான் ஸ்டெஃபானோ முனைவரை உள்ள தூரத்தை ஆரமாகக் கொண்டு ஒரு வட்டம். வட்டத்துக்குள் இருப்பதெல்லாம் இத்தாலிக்கு. கவராயத்தின் முள்ளைக் கோயிலின் உச்சியில் குத்தியிருக்கிறார்கள். எல்லை வகுத்த வல்லுநர்களுக்கு அது வெறும் உயரமான புள்ளி, கடலிலிருந்து தெளிவாகத் தெரியும், அவ்வளவுதான். இரண்டு முசோலினிக்கால அதிகாரிகளும் இரண்டு துருக்கிய அதிகாரிகளும் மேசையில் குனிந்து நின்று ஒரு கிரேக்கக் கோயிலைச் சுற்றி வட்டம் இழுத்ததாக நான் கற்பனை செய்துகொள்கிறேன். அந்த அறையில் ஒரு தீவுக்காரர் இருந்திருப்பார் என்று கற்பனை செய்ய முடியவில்லை.

தீவுக்காரர்கள் அப்போது வேறெங்கோ இருந்தார்கள். 1920களில் ஜனத்தொகை மூவாயிரத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. எகிப்து போனவர்கள் உண்டு, அமெரிக்கா போனவர்கள் உண்டு. பெருங்கூட்டம் போனது ஆஸ்திரேலியாவுக்கு. பெர்த் நகரில் அவர்கள் சங்கம் வைத்தது 1912இல், அதாவது ஊரில் துருக்கிய அதிகாரியைச் சிறைவைப்பதற்கு முன்பே. ஆஸ்திரேலியாவில் அவர்களுக்குக் ‘கஸ்ஸி’ என்று பட்டப்பெயரே உண்டு. இந்தத் தீவுக்கு விரிவான படங்களோடு கூடிய வரலாற்றை எழுதியவரும் சிட்னிக்காரர், நிக்கலஸ் பாப்பஸ், 1994இல் வெளிவந்தது. தீவின் நினைவு தீவைவிட்டு வெளியே போய் ஒரு தலைமுறைக்குமேல் ஆகிவிட்டது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

இரண்டாம் உலகப்போரை வேகமாகக் கடந்துவிடலாம்; அதில் இந்தத் தீவின் பங்கு அடிவாங்குவது மட்டும். 1941 பிப்ரவரியில் பிரிட்டிஷ் கமாண்டோக்கள் இறங்கினார்கள், சில நாளில் இத்தாலியர்கள் திருப்பிப் பிடித்தார்கள். 1943இல் இத்தாலி சரணடைந்ததும் மறுபடி பிரிட்டிஷார். ஜெர்மன் விமானங்கள் குண்டு வீசின. மிச்சமிருந்த மக்களைக் கப்பலேற்றி முதலில் சைப்ரஸுக்கும் பிறகு காஸாவுக்கும் கொண்டுபோனார்கள். ஆம், காஸாவில், நுஸெய்ராத்தில் இருந்த அகதி முகாமுக்கு. ஐரோப்பியர்கள் அகதிகளாக அங்கே அடைக்கலம் தேடிப்போன காலம் ஒன்று இருந்தது என்பதை அடிக்கடி யாரும் சொல்வதில்லை. ஆளில்லாத ஊரில் 1944 ஜூலையில் எரிபொருள் கிடங்கு பற்றிக்கொண்டு, வெடிமருந்துக்குப் பரவி, வீடுகளில் பாதியை அழித்தது. வீடுகள் கொள்ளையும் போயின. 1945 செப்டம்பரில் ஊர் திரும்புபவர்களோடு போர்ட் சையதிலிருந்து கிளம்பிய ‘எம்பயர் பேட்ரோல்’ கப்பல் நடுக்கடலில் தீப்பிடித்தது; 33 பேர் இறந்தார்கள். பெண்களும் குழந்தைகளும்தான் அதிகம்.

இதற்கெல்லாம் பிறகுதான், 1947 பாரிஸ் ஒப்பந்தத்தின்படி, டோடெகானீஸ் கிரேக்கத்துக்கு வந்தது. 1948 மார்ச்சில் முறையான இணைப்பு நடந்தது. சில நூறு பேர் நின்று கொடியேற்றத்தைப் பார்த்தார்கள். இடிந்த வீடுகளின் வரிசைக்கு முன்னால். தேசம் வந்துசேர்ந்தபோது அதை வாங்கிக்கொள்ள ஆளில்லை என்று சொன்னால் மிகை, ஆனால் பெரிய மிகை இல்லை. அந்த ஒப்பந்தத்தில் இந்தத் தீவுகளில் ராணுவம் வைக்கக் கூடாது என்ற நிபந்தனையும் இருந்தது. இன்று அங்கே கிரேக்கச் சிப்பாய்கள் இருக்கிறார்கள். துருக்கி அதைச் சுட்டிக் கேட்கிறது. எதிர்க்கரையில் பெரும்படை நிற்கும்போது தற்காப்பு எங்கள் உரிமை என்கிறது கிரேக்கம். இருவர் சொல்வதும் காகிதத்தில் சரியாகவே இருக்கிறது.

காஸ்டெலோரிஸோவுக்கு மேற்கே சில கி.மீ. தள்ளி ரோ என்று ஒரு குட்டித்தீவு. 1920களின் பிற்பகுதியில் அங்கே ஆடு வளர்க்கப் போன தம்பதியரில் கணவர் இறந்தபிறகும் மனைவி தெஸ்பினா அக்லாதியோத்தி திரும்பிவரவில்லை. கண்தெரியாத தாயைக் கூட்டிவந்து வைத்துக்கொண்டு அங்கேயே இருந்தார். போர்க்காலத்தில் தொடங்கி, 1982இல் தான் சாகும்வரை ஒவ்வொரு நாள் காலையும் கிரேக்கக் கொடியை ஏற்றினார், மாலையில் இறக்கினார். ஏதென்ஸ் கலைக்கழகம் 1975இல் அவருக்கு விருது கொடுத்தது. ராணுவ மரியாதையோடு அதே தீவில் அடக்கம் செய்தார்கள். ‘ரோ சீமாட்டி’ என்றால் கிரேக்கத்தில் பள்ளிக்குழந்தைக்கும் தெரியும்.

இந்தக் கதையைக் கேட்டு நெகிழாமல் இருப்பது கடினம். நானும் நெகிழ்ந்தேன்; ஆனால் கொஞ்சம் எச்சரிக்கையோடு. அரசுக்கு ரோவில் தேவைப்பட்டது ஒரு மனித உயிர் அங்கே வசிக்கிறது என்ற அத்தாட்சி. கடல்சட்டத்தில் அதற்கு மதிப்பு உண்டு. மனிதர் வாழ முடியாத வெறும்பாறைக்குக் கடலில் பங்கு குறைவு. தெஸ்பினாவுக்கு அந்தச் சட்டம் தெரிந்திருக்காது. அவர் ஏற்றிய கொடி அவருடைய சொந்தக் காரியம். கன்னியாஸ்திரீ ஒருவர் ஜெபவேளை தவறாமல் இருப்பதுபோல அதில் ஒரு பிடிவாதம் இருந்தது. அவர் போனபிறகு அந்த வேலையைச் செய்வது ராணுவம். கொடி அதேதான்.

கடல்சட்டம் என்று சொல்லிவிட்டதால் அந்தச் சண்டையைக் கொஞ்சம் விளக்க வேண்டும். கடந்த இருபது ஆண்டுகளாகக் காஸ்டெலோரிஸோ செய்தியில் வருவது அதனால்தான். 1982 ஐ.நா. கடல்சட்ட உடன்படிக்கையின் 121ஆம் பிரிவு, மனிதர் வாழத்தக்க தீவுக்கும் பெருநிலத்தைப்போலவே கண்டத்திட்டும் 200 கடல்மைல்வரை தனிப் பொருளாதார மண்டலமும் உண்டு என்கிறது. இதை முழுதாகப் பொருத்தினால் காஸ்டெலோரிஸோவின் கடல் தெற்கே விரிந்து சைப்ரஸின் கடலைத் தொடும். கிரேக்கமும் சைப்ரஸும் கடலுக்கடியில் அண்டைவீட்டுக்காரர்கள் ஆகிவிடும். கிழக்கு மத்தியதரைக் கடலில் மிக நீண்ட கரை கொண்ட துருக்கிக்கு அந்தாலியா வளைகுடாவைச் சுற்றி ஒரு துண்டு மிஞ்சும். ஸ்பெயினின் செவில் பல்கலைக்கழகப் புவியியலாளர் ஒருவர் இப்படி வரைந்த படம் ஐரோப்பிய வட்டாரங்களில் சுற்றிவந்து துருக்கியில் பெருங்கோபத்தைக் கிளப்பியது.

துருக்கி அந்த உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை. பத்து சதுர கி.மீ. தீவு, எங்கள் கரையிலிருந்து இரண்டு கி.மீ., கிரேக்கப் பெருநிலத்திலிருந்து 580 கி.மீ.; இது 40,000 சதுர கி.மீ. கடலைப் பெற்றுத்தரும் என்றால் நியாயமா என்று 2020இல் அதன் வெளியுறவு அமைச்சகம் கேட்டது. கேள்வியில் வலு இருக்கிறது. நீதிமன்றங்களும் தீர்ப்பாயங்களும் இத்தகைய தீவுகளுக்கு முழு மதிப்பு கொடுப்பது அரிது. பிரெஞ்சுக் கரையை ஒட்டிக்கிடக்கும் பிரிட்டனின் சேனல் தீவுகளுக்கு 1977 நடுவர் தீர்ப்பு 12 மைல் வளையம் மட்டும் கொடுத்தது. கருங்கடலின் பாம்புத் தீவுக்கு 2009இல் சர்வதேச நீதிமன்றம் அதற்குமேல் எதுவும் தரவில்லை. ஆனால் துருக்கியில் ‘நீல தாயகம்’ என்ற பெயரில் வளர்ந்திருக்கும் கொள்கை இந்த நியாயத்தோடு நின்றுவிடுவதில்லை. ரோட்ஸ், கிரீட் போன்ற பெருந்தீவுகளின் கடலையும் கண்டுகொள்ளாத படங்களை வரைகிறது. 2019 நவம்பரில் லிபியாவோடு அப்படி ஒரு கோட்டையும் போட்டுவிட்டது.

2020 கோடையில் துருக்கியின் ஆய்வுக்கப்பல் ‘ஒருச் ரெய்ஸ்’ போர்க்கப்பல்கள் சூழ இந்தக் கடலுக்கு வந்தது. ஆகஸ்ட் 12 அன்று ஒரு கிரேக்கப் போர்க்கப்பலும் ஒரு துருக்கியப் போர்க்கப்பலும் உரசிக்கொண்டன. உலகம் முழுக்கத் தொலைக்காட்சிகள் காஸ்டெலோரிஸோவின் பெயரை உச்சரிக்கப் பழகின. அதற்கு ஆறு நாள் முன்னால் நடந்த ஒன்றை அவ்வளவு பேர் கவனிக்கவில்லை. கிரேக்கமும் எகிப்தும் தங்கள் கடல் எல்லையை ஓரளவுக்கு வகுத்து ஒப்பந்தம் செய்தன. கோடு 28ஆம் தீர்க்கரேகையில் நின்றுவிட்டது. காஸ்டெலோரிஸோ அதற்கு ஒன்றரைப் பாகை கிழக்கே இருக்கிறது. எகிப்து அந்த வம்பில் தலைகொடுக்க விரும்பவில்லை; கிரேக்கம் ஒப்புக்கொண்டது. விட்டுக்கொடுக்கவில்லை, ஒத்திவைத்தோம் என்று ஏதென்ஸ் விளக்கியது. சட்டப்படி அந்த விளக்கம் சரி. எல்லா மேடையிலும் ‘எங்கள் கிழக்குக் கோடி’ என்று பேசப்படும் தீவு, பேனாவைக் கையில் எடுத்த நாளில் தாளுக்கு வெளியே இருந்தது என்பதும் சரி.

இந்த வழக்கில் இரண்டு தரப்பும் தீவை ஒரு புள்ளியாகத்தான் பார்க்கின்றன. புள்ளிக்கு எவ்வளவு கடல் என்பதில்தான் தகராறு. ‘தூரம்’ என்று துருக்கி சொல்லும்போது எனக்கு எரிச்சல் வருகிறது. இரண்டு கி.மீ.தான் என்றால், அந்த இரண்டு கி.மீ. உறவில் வாழ்ந்தவர்களை 1923இல் அக்கரையிலிருந்து பெயர்த்து அனுப்பியதில் அதன் பங்கு என்ன? ‘சொந்தம்’ என்று கிரேக்கம் சொல்லும்போதும் அதே எரிச்சல்தான். அந்தப் பரிமாற்றத்துக்கு ஏதென்ஸும் சம்மதித்தது.

ஏதென்ஸுக்குத் தீவு நினைவுக்கு வரும் தருணங்கள் விசித்திரமானவை. 2010 ஏப்ரல் 23 அன்று பிரதமர் யோர்கோஸ் பாப்பாந்திரேயு, நாடு கடனில் மூழ்குவதால் ஐரோப்பிய ஒன்றியத்திடமும் பன்னாட்டு நிதியத்திடமும் உதவி கேட்கப்போவதை அறிவித்தது இந்தத் துறையில் நின்றுதான். பின்னால் நீலத் தண்ணீர், வண்ண வீடுகள். புதியதோர் ஒடிஸ்ஸி தொடங்குகிறது என்றார். அதன்பின் பல ஆண்டுகளுக்குக் கிரேக்கர்கள் பேச்சில் ‘காஸ்டெலோரிஸோ’ என்றால் சம்பளவெட்டு, ஓய்வூதியவெட்டு, கடன் நிபந்தனை. தீவு செய்த பாவம் அழகாக இருந்ததுதான்.

சினிமாவும் இதே அழகுக்காகத்தான் வந்தது. காப்ரியேலே சால்வதோரெஸின் ‘மெதித்தெர்ரானியோ’ (1991) இங்கே படமாக்கப்பட்டது. சிறந்த அயல்மொழிப் படத்துக்கான ஆஸ்கார் வாங்கியது. 1941இல் ஒரு கிரேக்கத் தீவைக் காவல்காக்க வந்த இத்தாலியச் சிப்பாய்கள் போரை மறந்து அங்கேயே கரைந்துபோகும் கதை. இனிமையான படம், மறுப்பதற்கில்லை. ஆனால் 1941இல் இந்தத் தீவு இத்தாலிய ஆட்சிக்கு வந்து இருபது வருடம் ஆகியிருந்தது. சிப்பாய்கள் புதிதாக வந்து கண்டுபிடிக்க அங்கே எதுவும் இல்லை; அவர்கள் நாட்டு அலுவலகங்கள் துறையை ஒட்டியே இருந்தன. ஆண்டவர்கள் விருந்தாளிகளாகத் திரும்பிவர சினிமா ஒரு நல்ல வழி.

படம் கொண்டுவந்த இத்தாலியச் சுற்றுலாப் பயணிகள் இன்னும் வருகிறார்கள். கோடையில் ஆஸ்திரேலியாவிலிருந்து பேரன்பேத்திகள் வருகிறார்கள். தாத்தாவின் இடிந்த வீட்டைத் தூக்கிக்கட்டி மஞ்சளும் நீலமும் பூசியவர்கள் அவர்கள்தான். துறையோரக் கடைகளில் ஆஸ்திரேலிய ஆங்கிலம் கேட்கும். இலையுதிர்காலம் வந்ததும் வீடுகளைப் பூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். ரோட்ஸிலிருந்து வரும் கப்பலும் சிறு விமானமும் அரசு மானியத்தில் ஓடுகின்றன. மானியம் இல்லாவிட்டால் ஓடாது. தீவைக் கிரேக்கமாக வைத்திருப்பதற்கான செலவு அது. அரசு அதைக் கொடுப்பதில் தவறும் இல்லை.

ஆனால் காய்கறி எங்கே மலிவு என்று தீவில் யாரைக் கேட்டாலும் கை நீளும் திசை ஒன்றுதான். துறையிலிருந்து காஷுக்குப் படகில் இருபது நிமிடம், கொஞ்சம் முன்பின். அங்கே வாரச்சந்தை கூடும். பெருந்தொற்று வந்தபோது இந்தப் படகு நின்றது. அதே நேரத்தில் போர்க்கப்பல்களும் வந்து சேர்ந்தன. தீவு தன் வாழ்நாளில் அனுபவித்த மூடல்களில் அது புதிது இல்லை, சிறியதும்கூட; 1923இல் மூடியது திறக்கவே இல்லையே. இரண்டு ஊர்களுக்கும் நடுவே வருடாவருடம் ஒரு நீச்சல்போட்டி நடக்கும். மெய்ஸில் குதித்துக் காஷில் கரையேற வேண்டும், ஏறத்தாழ ஏழு கி.மீ. பதற்றம் கூடிய ஆண்டுகளில் இதைப் பற்றிய செய்திகளில் ‘நட்பு’ என்ற சொல் அதிகமாக வரும். அந்தச் சொல்லைப் பயன்படுத்த வேண்டிய அவசியம் 1880இல் யாருக்கும் இருந்திருக்காது. அப்போது நீந்தியிருந்தால் அது வயலுக்குப் போவது.

2024இல் கிரேக்கம் தன் கிழக்குத் தீவுகளில் பத்தைத் தேர்ந்தெடுத்து, துருக்கியர்களுக்கு வந்திறங்கும் இடத்திலேயே ஏழு நாள் விசா கொடுக்கத் தொடங்கியது. காஸ்டெலோரிஸோவும் அந்தப் பத்தில் ஒன்று. காஷிலிருந்து காலையில் கிளம்பி மதியம் மீன் சாப்பிட வருபவர்கள் கூடிவிட்டார்கள். விசாவில் ஒரு நிபந்தனை உண்டு: எந்தத் தீவில் இறங்கினீர்களோ அந்தத் தீவுக்கு மட்டும்தான் அது செல்லும். அதை வைத்துக்கொண்டு அங்கிருந்து ரோட்ஸுக்குக் கப்பலேற முடியாது, ஏதென்ஸுக்கும் போக முடியாது. வந்த வழியே அக்கரைக்குத் திரும்ப வேண்டும்.